மானத்துக்கண்ணி என்று நினைத்து வேறு மீனைப் பிடிக்காதீர்கள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல் வாய்க்காலை எட்டிப் பார்த்தால், மேல்மட்டத்தை ஒட்டி அசையாமல் நிற்கும் விரல் நீள மீன் ஒன்று கண்ணில் படும். அதுதான் மானத்துக்கண்ணி. மலையாளத்தில் மானம் என்றால் வானம். எந்நேரமும் மேலேயே பார்க்கும் கண். அறிவியல் பெயர் அப்ளோகைலஸ் லீனியேட்டஸ். நன்றாக வளர்ந்தால் 10 செ.மீ. வரை வரும். கொசுப்புழுவைத் தின்ன விடலாம் என்று கிணற்றுக்கும் தொட்டிக்கும் இதைத் தேடுகிறார்கள். கையில் கிடைப்பது பல நேரம் வேறு மீன்.

முதல் தவறு, நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது. அப்படித்தான் கம்பூசியா மாட்டிக்கொள்கிறது. அது அமெரிக்க மீன், கொசு ஒழிப்புக்கென்று 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தட்டைத் தலை, மேல்நோக்கிய வாய், நிற்கும் இடம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கலங்கல் தண்ணீரில் இரண்டுமே சாம்பல்தான். அதனால் முதலில் மேலிருந்து பாருங்கள். மானத்துக்கண்ணியின் உச்சந்தலையில் கடுகளவு வெள்ளிப் பொட்டு மின்னும். கம்பூசியாவுக்கு அது கிடையாது. சிலர் அதை மூன்றாவது கண் என்பார்கள். கண் இல்லை, ஆனால் அதன் அடியில் வெளிச்சத்தை உணரும் பினியல் உறுப்பு இருக்கிறது என்பதால் அந்தப் பேச்சு முழுக்கப் பொய்யும் இல்லை.

பொட்டோடு நிறுத்தாதீர்கள். மீனைத் தண்ணீரோடு கண்ணாடி பாட்டிலில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். மானத்துக்கண்ணியின் குதத்துடுப்பு, அதாவது வயிற்றுக்கடியில் பின்பக்கம் இருப்பது, நீளமாக ஓடும். முதுகுத்துடுப்பு சின்னது, வாலை நெருங்கி, குதத்துடுப்பின் பின்பாதிக்கு நேர்மேலே இருக்கும். கம்பூசியாவில் குதத்துடுப்பே குட்டை. ஆணுக்கு அது குச்சிபோல நீண்டு இனப்பெருக்க உறுப்பாகிவிடும், பெண்ணுக்கு ஆசனவாய் அருகே கறுப்புத் திட்டு தெரியும். இதில் ஏமாந்தால் நஷ்டம் குளத்துக்கு. கம்பூசியா குட்டி போடும் மீன். பெண் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால் சினைப்பெண் ஒன்று போதும், குளம் நிறைந்துவிடும். கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் மற்ற மீன்களின் முட்டையையும் தின்னும், துடுப்பைக் கடிக்கும். ஒரு தடவை உள்ளே போனால் பிறகு எடுப்பது பெரும்பாடு.

உடம்பு கண்ணாடிபோல ஊடுருவித் தெரிந்தால் அது அரிசிமீன் வகை, ஒரைசியாஸ். குதத்துடுப்பு இன்னும் நீளம். பெண் முட்டைகளைக் கொத்தாக வயிற்றடியில் சுமந்து திரியும். சிவப்பாகக் கூட்டமாய் மேலே மொய்ப்பவை விரால் குஞ்சுகளாக இருக்கலாம். அவற்றுக்கு முதுகுத்துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்தே தொடங்கும்.

ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாகப் பிரிப்பது இன்னொரு குழப்பம். பெண்ணின் பின்பாதியில் குறுக்குக் கோடுகள் அழுத்தமாக இருக்கும், முதுகுத்துடுப்பின் அடியில் கறுப்புப் புள்ளி இருக்கும். ஆணுக்கு வரிசை வரிசையாகத் தங்கப் பச்சைப் புள்ளிகள், துடுப்பு ஓரத்தில் சிவப்பு. ஆணுக்கு வளர வளரக் கோடு மங்கும். குஞ்சுகளில் இருபாலுக்கும் கோடு உண்டு. உடம்பில் கோடே இல்லாமல் அந்தக் கறுப்புப் புள்ளி மட்டும் இருந்தால், உறவுக்காரனான அப்ளோகைலஸ் பான்சாக்ஸா என்று யோசியுங்கள். கடையில் கோல்டன் வொண்டர் என்று விற்கும் மஞ்சள் மீன் தனி இனமே இல்லை, இதே மீனின் நிறத்திரிபு. அதை வாய்க்காலில் விடவேண்டாம்.

வளர்ப்பவர்கள் மூடி போடாமல் விடுவார்கள்; காலையில் மீன் தரையில் கிடக்கும். இது தாவும் மீன். தண்ணீரில் விழும் எறும்பையும் பூச்சியையும் மட்டுமல்ல, வாயில் அடங்கும் எந்தச் சிறுமீனையும் விழுங்கும், கப்பிக் குஞ்சு மிஞ்சாது.

மானத்துக்கண்ணியும் கில்லி மீன் என்ற கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கில்லி மீன் முட்டையை உலர்த்தி வைக்கலாம் என்று கேள்விப்பட்டு இதன் முட்டையையும் காயவைத்துக் கெடுப்பவர்கள் உண்டு. அந்த வித்தை ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளில் வற்றும் குட்டைகளில் வாழும் இனங்களுக்கு. இது செடி வேரில் ஒட்டும்படி நாளுக்குச் சில முட்டைகளாக இடும்; தண்ணீரிலேயே இருந்து சுமார் 12 முதல் 14 நாளில் பொரியும். ஒட்டிய வேரோடு தனித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பொரிந்த குஞ்சைத் தாயே தின்றுவிடும்.