பூஞ்சை நச்சு ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவர், நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையிலிருந்து பாலித்தீன் பையில் ஒரு கைப்பிடி மக்காச்சோளம் கொண்டுவந்தார். "லோடு முழுக்க இதே சரக்குதான் சார்" என்றார். நானும் ஒருகாலத்தில் அப்படிச் சொன்னவன்தான். லேபிள் ஒட்டுவது, கையுறை போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேலாக அள்ளிய கைப்பிடி

அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு சரக்கு முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஈரம் இறங்கிய மூலையிலும் பூச்சி துளைத்த மணியிலும்தான் அதை உண்டாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடிக்கும். ஆயிரக்கணக்கான மணிகள் சுத்தமாக இருக்க, ஒரே மணியில் நச்சு குவிந்திருக்கும். அந்த மணி உங்கள் கையில் சிக்காவிட்டால், எவ்வளவு விலையுள்ள கருவியில் சோதித்தும் பயனில்லை.

ஒருமுறை லாரியில் மேலே இருந்த மூன்று சாக்குகளில் மட்டும் எடுத்துச் சோதித்து, "சரக்கு சரி" என்று எழுதிக்கொடுத்தேன். மழையில் நனைந்த அடிச்சாக்குகளைத் தொடவே இல்லை. சில வாரங்களில் முட்டை குறைந்தது, கோழிகள் சாக ஆரம்பித்தன. அறுத்துப் பார்த்தால் கல்லீரல் மஞ்சளாக வீங்கி, விரல் பட்டதும் உடைந்தது. "நீங்க சரின்னு சொன்னதாலதான் சார் போட்டேன்" என்றார் பண்ணைக்காரர். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் யாராவது கைப்பிடிப் பையை நீட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

லோடு இறக்கும்போதே கூட நில்லுங்கள். அடி, நடு, மேல், ஓரம் என்று பல சாக்குகளில் குத்தூசி (சாக்கைக் குத்தி உள்ளிருந்து மணி எடுக்கும் குழாய்) போட்டு, ஐந்து கிலோவாவது சேருங்கள். சேர்த்த அத்தனையையும் மாவாக அரைத்துக் கலந்து, அப்புறம்தான் சோதனைக்குப் பங்கு பிரிக்க வேண்டும். மணியாக இருக்கும்போதே பிரித்தால் மறுபடியும் அதே கைப்பிடிதான்.

கண்ணுக்குப் பூஞ்சை தெரியவில்லையே

பூஞ்சை செத்த பிறகும் நச்சு இருக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் புரியாமல் அதற்கு 'எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் நச்சு இருந்தது.

வேகவைத்தால் போய்விடும்

போகாது.

பாலை மறப்பது

பசு தீவனத்தோடு தின்ற அஃப்ளாடாக்சின் பி1 வகை, அதன் உடலில் எம்1 என்ற வகையாக மாறிப் பாலில் இறங்கும். இந்தியாவில் பாலுக்கு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். மாடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தீவனத்தை மாற்றினால் சில நாளில் எம்1 குறைந்துவிடும் என்பதால், பழைய தீவனம் ஓடும்போதே பால் மாதிரியையும் எடுத்துவிடுங்கள்.