செட்டிநாட்டுக் கடிதக் கட்டுகளில் செஞ்சிலுவை அஞ்சல் தலைகளைத் தேடும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதி வீடுகளின் பெட்டகங்களில், கொண்டுவிக்க, அதாவது வணிகத்துக்காகக் கடல் கடந்து, சென்றவர்கள் பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, ரங்கூன் கிட்டங்கிகளிலிருந்து (செட்டியார்களின் தொழிலிடங்களிலிருந்து) எழுதிய கடிதங்கள் இன்னும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு உதவுவதற்காக விற்கப்பட்ட அஞ்சல் தலைகள் அவற்றுள் சில உறைகளில் ஒட்டப்பட்டிருக்கக்கூடும்.

எதைத் தேடுகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். அதற்கு, நன்கொடைக்காக விற்கப்பட்ட தலைகளின் முன்வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல் புரூக்ளின், நியூயார்க், பிலடெல்பியா போன்ற நகரங்களில் வீரர்களின் மருத்துவ உதவிக்காகச் சந்தைகள் நடந்தன. அங்கு விற்கப்பட்ட தலைகள் சந்தைக்குள் அமைந்த அஞ்சலகத்தில் மட்டுமே செல்லுபடியாயின. அரசு அஞ்சலில் செல்லும் தலையோடு நன்கொடையைச் சேர்த்து விற்கும் வழக்கத்தை 1897-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. ஒரு பென்னித் தலையின் விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு மடங்கு. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போருக்காக 1900-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் குயின்ஸ்லாந்தும் இவ்வழக்கத்தைப் பின்பற்றின. பிரான்ஸ் 1914-இல் 10 சென்டிம் தலையில் சிவப்புச் சிலுவையை அச்சிட்டு, 5 சென்டிம் கூடுதலாக வாங்கியது. எளிய மக்களும் கொடுக்கக்கூடிய தொகையாக இருந்ததால் அம்முறை பல நாடுகளுக்குப் பரவியது என்றே கருதுகிறேன்.

நமக்கு முக்கியமானது, பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய பிரிட்டிஷ் காலனியான ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் 1917-இல் வெளியிட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் கொண்ட 3 சென்ட், 4 சென்ட் தலைகளின்மேல் 'ரெட் கிராஸ்' என்ற ஆங்கிலச் சொற்களும் 2 சென்ட் என்ற தொகையும் அச்சிடப்பட்டன. அந்த 2 சென்ட் மட்டுமே செஞ்சிலுவை நிதிக்குச் சென்றது. ஆகவே பினாங்கு, சிங்கப்பூர் உறைகளில் 1917-ஆம் ஆண்டு முதலான முத்திரைகளைப் பாருங்கள். கொழும்புக் கட்டில் 1918-இல் 'வார் ஸ்டாம்ப்' என மேலச்சான (ஏற்கெனவே அச்சான தலையின்மேல் மீண்டும் அச்சிடப்பட்ட) இலங்கைத் தலைகள் வரலாம். அவை நன்கொடையல்ல, போர் வரி. எவரும் விரும்பிக் கொடுத்த பணம் அல்ல என்பதால் அவற்றைத் தனியாக வையுங்கள். பர்மா அன்று இந்தியத் தலைகளையே பயன்படுத்தியதால் ரங்கூன் கட்டைக் கடைசியில் பார்த்தால் போதும்.

தலை கிடைத்தவுடன் அதை உரித்தெடுக்கும் ஆசையை அடக்குங்கள். யார், எந்த ஊரிலிருந்து, எந்த நாளில், யாருக்கு அனுப்பினார் என்பதை முழு உறைதான் சொல்லும். நீரில் ஊறவைத்தால் பழைய மைக் கையெழுத்தும் கரைந்துவிடும். உலர்ந்த சுத்தமான கைகளால் உறையின் விளிம்பைப் பிடித்து, பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸால் மேலச்சை ஆராயுங்கள். அஞ்சல் முத்திரையின் மை மேலச்சின் மேல் படிந்திருக்க வேண்டும். மேலச்சு முத்திரையின் மேல் ஏறியிருந்தால், பயன்பட்ட சாதாரணத் தலையில் எவரோ பின்னாளில் எழுத்துகளை அச்சிட்டிருக்கிறார் என்று பொருள். முத்திரை தலையிலிருந்து உறையின் தாளுக்கு முறிவின்றித் தொடர்கிறதா என்பதையும் பாருங்கள். தொடராவிட்டால் தலை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டிருக்கலாம்.

பாதுகாப்பில் பெரிய நுணுக்கம் எதுவுமில்லை. செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டாம். அமிலமற்ற தாளிலோ பாலியெஸ்டர் உறையிலோ வைத்து, கறையான் ஏறாத இரும்பு அலமாரியில் அடுக்குங்கள். நாப்தலின் உருண்டைகள் தாளைத் தொடக்கூடாது. கட்டைப் பிரிக்கும்போதே, எந்தக் கட்டிலிருந்து எந்த உறை வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, கடிதத்தை அதன் உறையிலேயே திரும்ப வையுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்குவோருக்கும் இதே சோதனைகள் பொருந்தும். பயன்படாத தலையைவிட உண்மையாக அஞ்சலில் சென்றதற்கே மதிப்பு அதிகம் என்பதால், போலி முத்திரை குத்தவும் ஆட்கள் உண்டு. முத்திரையின் தேதி 1917-க்கு முந்தையதாக இருந்தால் பேரம் பேசவே வேண்டியதில்லை.