புரொஜெக்‌ஷன் கடிகாரத்துக்குப் பழைய போன் சார்ஜர்

கூரையில் மணி காட்டும் புரொஜெக்‌ஷன் கடிகாரத்தைப் பேட்டரியில் மட்டும் ஓட்டாமல், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் சார்ஜரில் செருகி வையுங்கள். இரவு முழுக்க எண்கள் அணையாமல் தெரியும்.

எண்களைக் கூரைக்கு வீசும் எல்இடி விடாமல் எரிந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால்தான் பெரும்பாலான மாடல்களில், பேட்டரியில் ஓடும்போது மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் சில விநாடிகள் மட்டும் மணி தெரிந்து மறைகிறது. கரண்டில் செருகினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பேட்டரியையும் கழற்றாதீர்கள், கரண்ட் போய் வந்தால் மறுபடி மணி வைக்கும் தொல்லை இருக்காது.

அப்புறம், ஒளியை ஃபேனுக்கு நேரே திருப்பினால் சுழலும் இறக்கையில் பட்டு எண்கள் சிதறும். கட்டிலுக்கு எதிர்ச்சுவரின் மேல்பகுதிதான் என் தேர்வு. ரொம்பச் சாய்வாக வீசினால் எண்கள் கோணலாக நீளும்.

கடிகாரத்தின் அடியிலோ பின்னாலோ 5 வோல்ட் டிசி என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே போன் சார்ஜர் சரிவரும். 4.5, 6 வோல்ட் என்றோ ஏசி என்றோ இருந்தால் கூடவே வந்த அடாப்டரைத்தான் போட வேண்டும். சார்ஜரின் பின் (செருகும் முனை) பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். உருண்டைப் பின் என்றால் நடுமுனை பிளஸா மைனஸா என்ற குறியையும் பாருங்கள்.