விஸ்டீரியா: தையில் ஒரு வெட்டு, ஆடியில் ஒரு வெட்டு

புரட்டாசி விரதத்துக்கு வீட்டைக் கழுவித் தயாராகும் நாட்களில்தான் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மதில்களில் விஸ்டீரியா என்ற பூக்கொடி ஊதாச் சரம் சரமாகத் தொங்கும். எங்கள் வீட்டுக் கொடி மட்டும் ஏழு ஆண்டுகள் இலையைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. கொடியைக் குறை சொல்லிப் பயனில்லை. தப்பு என் கத்தரிக்கோலில் இருந்தது.

என் கையில் இருந்தது இங்கிலாந்துத் தோட்டக் கையேடு. பிப்ரவரியில் இரண்டு மூன்று மொட்டு மட்டும் விட்டு ஒட்ட வெட்டச் சொன்னது. அங்கே அது குளிர்காலம். இங்கேயோ, அடுத்த வசந்தத்துக்கான பூமொட்டைக் கொடி உருவாக்கும் கோடை! அதன் பிறகு தமிழ் மாதத்தையே பிடித்துக்கொண்டேன். தைப்பூசக் காவடி முடிந்ததும், நீண்டு அலையும் பச்சைத் தளிர்களை ஐந்தாறு இலை விட்டுக் குறைக்கிறேன். ஆடியில் இலை உதிர்ந்து நிற்கும்போது அதே கிளைகளை இரண்டு மூன்று மொட்டு வரை வெட்டுகிறேன். அப்போது அவசரம் கூடாது: பருத்து உருண்டது பூமொட்டு, ஒல்லியாகக் கிளையோடு ஒட்டியிருப்பது இலைமொட்டு.

அதே கையேடு தெற்குச் சுவர் என்றால், நமக்கு வடக்கு பார்த்த சுவர். நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

முருங்கைக்குப் போடும் கோழி எருவில் இதற்கும் ஒரு கூடை போடாதீர்கள். இது அவரைக் குடும்பம். வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். மேலும் கொடுத்தால் இலைக்காடுதான். விதையிலிருந்து வளர்த்தால் பூவுக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட ஆகலாம். ஒட்டுக்கன்று வாங்குங்கள், முடிந்தால் பூத்திருக்கும்போதே பார்த்து.

கூரைத் தண்ணீர்க் குழாயில் ஏறவிடுவது பெரிய பிழை. கலிபோர்னியாவின் சியரா மாட்ரேயில் 1894-இல் நட்ட கொடி ஒரு வீட்டையே நொறுக்கி, ஏறத்தாழ ஒரு ஏக்கருக்குப் பரவியது. கனத்த இரும்புப் பந்தலைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

பூ உதிர்ந்தபின் வரும் காய் அவரை போலவே இருக்கும், மெல்லிய பூனைமயிரோடு. விதை நஞ்சு, தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். பேரப்பிள்ளைகள் வரும் வீடென்றால் காயைப் பறித்து எறிந்துவிடுங்கள்.

டர்பனில் இருக்கும் என் தங்கை ஒரு கிளை கேட்டாள். கொடுக்கவில்லை. கடலோரப் புழுக்கத்தில் குளிர் போதாமல் அது சரியாகப் பூக்காது. இந்த மண்ணிலேயே பிறந்த மர விஸ்டீரியாக் கன்று ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அது கொடியல்ல, சிறு மரம். வெப்பத்தைத் தாங்கும், அதுவும் ஊதாவாகத்தான் பூக்கும்.