கெர்னல் எழுதும்போது செயலியின் விதிவிலக்குகளைக் கையாளும் முறை

சொந்தமாகக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதத் தொடங்குகிறவர்கள், திரையில் முதல் எழுத்து தெரிந்தவுடன் நினைவக மேலாண்மைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்பே விதிவிலக்குகளை, அதாவது ஒரு கட்டளையை இயக்கும்போது செயலி எழுப்பும் பிழைகள் போன்றவற்றை, கையாளும் பகுதியை எழுதி முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கையாளும் நிரல் இல்லாத நிலையில் ஒரு விதிவிலக்கு எழுந்தால், செயலி அடுத்து டபுள் ஃபால்ட் என்ற இரண்டாம் நிலை விதிவிலக்கை எழுப்பப் பார்க்கும். அதற்கும் வழியில்லை என்றால் அது டிரிபிள் ஃபால்ட்டாகி, கணினி எந்தச் செய்தியும் இல்லாமல் மீண்டும் தொடங்கிவிடும். எந்த வரியில் பிழை நேர்ந்தது என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சாது. இங்கே எக்ஸ்86-64 செயலியை வைத்தே விளக்குகிறேன்.

முதல் வேலை, எந்த விதிவிலக்குக்கு எந்த நிரலை இயக்குவது என்று செயலிக்குச் சொல்லும் ஐடிடி எனப்படும் அட்டவணையை அமைப்பது. அதில் 256 பதிவுகள் வரை இருக்கலாம். 64 பிட் நிலையில் ஒவ்வொன்றும் 16 பைட் என்பதால் மொத்தம் 4096 பைட் ஆகும். 0 முதல் 31 வரையிலான எண்கள் விதிவிலக்குகளுக்கென ஒதுக்கப்பட்டவை: பூஜ்யத்தால் வகுத்தால் 0, செல்லாத கட்டளைக்கு 6, பொதுப் பாதுகாப்பு மீறலுக்கு 13, நினைவகத்தின் ஒரு பக்கத்தை அணுக முடியாதபோது எழும் பேஜ் ஃபால்ட்டுக்கு 14. ஒவ்வொரு பதிவிலும் கையாளும் நிரலின் முகவரி மூன்று துண்டுகளாகப் பிரித்து எழுதப்படுகிறது. அதனுடன் கோட் செக்மென்ட்டின் செலக்டரும், இரும எண்ணில் 10001110 என்ற வகைக் குறியீடும் இடம்பெற வேண்டும். செலக்டரில்தான் பலரும் தவறுகிறார்கள். செலக்டர் என்பது, செக்மென்ட்டுகளின் அட்டவணையான ஜிடிடியில் ஒரு பதிவைச் சுட்டும் எண். கெர்னலை ஏற்றும் பூட்லோடர் அமைத்துத் தந்த ஜிடிடியை நம்பி ஓர் எண்ணை எழுதிவிட்டு, பிறகு சொந்த ஜிடிடியை ஏற்றினால், அந்த எண் வேறொன்றைச் சுட்டக்கூடும். ஆகவே முதலில் சொந்த ஜிடிடி, அதன் பிறகே ஐடிடி என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். அட்டவணையை ஏற்றும் கட்டளைக்குத் தரும் அளவு 4096 அன்று, ஒன்று குறைத்து 4095 என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது ஸ்டேக், அதாவது தற்காலிக மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளி வைக்கும் நினைவகப் பகுதி. இதை ஒரு பைட் கூடப் பிசகாமல் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் சரியாக நடக்கும். விதிவிலக்கு எழுந்தவுடன் செயலி ஸ்டேக்கை 16 பைட் எல்லைக்குச் சீராக்கிவிட்டு, எஸ்எஸ், ஆர்எஸ்பி (ஸ்டேக்கின் முனை முகவரி), ஆர்ஃபிளாக்ஸ், சிஎஸ், ஆர்ஐபி (கட்டளையின் முகவரி) ஆகிய ஐந்து ரெஜிஸ்டர்களின் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) மதிப்புகளையும் இந்த வரிசையில் தள்ளுகிறது. 8, 10 முதல் 14 வரை, 17, 21 ஆகிய எண்களுக்கு மட்டும் அவற்றின் மேல் ஒரு பிழைக் குறியீட்டையும் தள்ளுகிறது. புதிய ஏஎம்டி செயலிகளில் 29, 30 ஆகியவையும் இதில் சேரும். மற்ற எண்களுக்குப் பிழைக் குறியீடு கிடையாது. ஆகவே அவற்றின் நுழைவு நிரலில் நாமே ஒரு பூஜ்யத்தைத் தள்ளி, அதன் பின் விதிவிலக்கின் எண்ணையும் தள்ளிவிட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு கிடைத்துவிடும். பிறகு ஆர்எஸ்பி நீங்கலான 15 பொது ரெஜிஸ்டர்களையும் சேமிக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: செயலி தள்ளியது 40 பைட், பிழைக் குறியீடும் எண்ணும் 16 பைட், ரெஜிஸ்டர்கள் 120 பைட், ஆக மொத்தம் 176, அதாவது 16இன் 11 மடங்கு. சி மொழிச் செயற்கூற்றை அழைக்கும் தருணத்தில் ஸ்டேக் எதிர்பார்க்கப்படும் எல்லையில் சரியாக நிற்கிறது. திரும்பும்போது ரெஜிஸ்டர்களை மீட்டபின், எண்ணும் பிழைக் குறியீடும் இருந்த 16 பைட்டைக் கடந்த பிறகே, விதிவிலக்கிலிருந்து திரும்பும் ஐரெட்க்யூ கட்டளையை இயக்க வேண்டும். அந்தக் கட்டளை பிழைக் குறியீட்டைத் தானாக நீக்காது.

கம்பைலரின் பக்கமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்எஸ்பிக்குக் கீழே உள்ள 128 பைட்டை, ரெட் ஸோன் என்ற பெயரில், செயற்கூறுகள் தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொள்ள வழக்கமான விதிமுறை இடமளிக்கிறது. கெர்னலுக்குள்ளேயே எழும் விதிவிலக்கு அந்த இடத்தின் மேலேயே எழுதிவிடும் என்பதால், கெர்னலை ரெட் ஸோன் இல்லாமல் கம்பைல் செய்வது கட்டாயம்.

சோதனையை எண் 3 ஆகிய பிரேக்பாயின்ட்டில் தொடங்குங்கள். அது டிராப் வகை என்பதால், சேமிக்கப்படும் ஆர்ஐபி அடுத்த கட்டளையைக் காட்டும். நிரல் சரியாக இருந்தால் கையாண்டுவிட்டு இயல்பாகத் தொடரும். ஃபால்ட் வகையிலோ ஆர்ஐபி பிழைபட்ட கட்டளையையே காட்டும் என்பதால், காரணத்தைச் சரிசெய்யாமல் திரும்பினால் அதே விதிவிலக்கு ஓயாமல் எழுந்துகொண்டிருக்கும். பேஜ் ஃபால்ட்டை சாஃப்ட்வேர் இன்டரப்ட் கட்டளையால் எழுப்பிச் சோதிக்காதீர்கள். அவ்வழியில் பிழைக் குறியீடு தள்ளப்படாது, ஸ்டேக் 8 பைட் பிசகிவிடும். மேப் செய்யப்படாத ஒரு முகவரியை உண்மையாகவே தொட்டுப் பாருங்கள்.

பேஜ் ஃபால்ட் எழுந்தால் முதலில், எந்த முகவரியைத் தொட்டதால் அது எழுந்தது என்பதைக் காட்டும் சிஆர்2 ரெஜிஸ்டரைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இன்னொரு பேஜ் ஃபால்ட் வந்தால் அதன் மதிப்பு மாறிவிடும். சிஆர்2இல் 24 என்றும் பிழைக் குறியீட்டில் 2 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இல்லாத பக்கத்தில் கெர்னலே எழுத முயன்றது என்று குறியீடு சொல்கிறது. முகவரி இவ்வளவு சிறியதாக இருப்பதால், ஒரு நல் பாயின்ட்டரின் (பூஜ்ய முகவரியைக் காட்டும் பாயின்ட்டர்) வழியாக ஸ்ட்ரக்சரில் 24ஆவது பைட்டில் உள்ள உறுப்பைத் தொட்டிருக்கிறோம் என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். சிஆர்2உம் ஆர்ஐபியும் ஒன்றாகவே இருந்தால், செல்லாத முகவரிக்குத் தாவியிருக்கிறோம் என்று பொருள்.

டபுள் ஃபால்ட்டுக்குத் தனி ஸ்டேக் அவசியம். கெர்னலின் ஸ்டேக் நிரம்பி அதன் கீழே வேண்டுமென்றே மேப் செய்யாமல் விட்ட காவல் பக்கத்தைத் தொட்டால் பேஜ் ஃபால்ட் எழும். அதற்கான விவரங்களைத் தள்ள ஸ்டேக்கில் இடமில்லாததால் அது டபுள் ஃபால்ட்டாக மாறும். அதுவும் அதே ஸ்டேக்கை நாடினால் கணினி மீண்டும் தொடங்கிவிடும். செயலி படிக்கும் டிஎஸ்எஸ் என்ற அமைப்பில், மாற்று ஸ்டேக்குகளின் முகவரிகளுக்கென உள்ள ஏழு ஐஎஸ்டி இடங்களில் ஒன்றை இதற்கு ஒதுக்கி, எண் 8இன் ஐடிடி பதிவில் அந்த இடத்தின் எண்ணைக் குறியுங்கள். ஸ்டேக் கீழ்நோக்கி வளர்வதால், அங்கே எழுத வேண்டியது ஒதுக்கிய பகுதியின் மேல்முனை முகவரி. பேஜ் ஃபால்ட்டுக்கும் ஐஎஸ்டி தரலாமே என்று தோன்றும். ஆனால் ஒன்றைக் கையாளும்போதே இன்னொரு பேஜ் ஃபால்ட் எழுந்தால் செயலி அதே மேல்முனையிலிருந்து தொடங்கி முந்தைய விவரங்களை அழித்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

இன்டரப்டுகளை (டைமர் போன்ற சாதனங்கள் செயலிக்கு அனுப்பும் குறுக்கீடுகள்) அனுமதித்தவுடன் காரணமின்றி டபுள் ஃபால்ட் வருகிறதா? பழைய பிசி அமைப்பில் டைமரின் இன்டரப்ட் எண் 8க்கே வந்து சேரும். இந்த இன்டரப்டுகளைச் செயலிக்கு எண்ணிட்டு அனுப்பும் பிக் சிப்பை 32இலிருந்து தொடங்கும்படி மாற்றியமைக்காததே பெரும்பாலும் காரணம். என் கெர்னலில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. உண்மையான டபுள் ஃபால்ட்டின் பிழைக் குறியீடு எப்போதும் பூஜ்யம். டைமரோ பிழைக் குறியீடே தள்ளாது. அந்த இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் கெர்னலின் ஒரு நிரல் முகவரி அச்சானதைப் பார்த்த பிறகுதான், அது ஆர்ஐபி என்பதும் வந்தது டைமர் என்பதும் எனக்குப் புலப்பட்டன.