காருக்குப் பெரிய பிரேக் போடுமுன்: நான் மூன்று முறை ஏர் எடுத்த கதையும் செய்முறையும்

என் வண்டி 2008 ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல், ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) இல்லாதது. எக்ஸாஸ்ட், ஃபில்டர், 15 இஞ்ச் அலாய் என்று கை வைக்காத இடம் இல்லை, பிரேக்கை மட்டும் கம்பெனி கொடுத்தபடியே விட்டிருந்தேன். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, கருகல் வாடை. பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகம் குறைய மாட்டேன் என்கிறது. அன்றைக்கு இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடலே தரை வரை இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. பெரிய டிஸ்க் வாங்கக் கிளம்புவதற்கு முன் நல்ல டயர், நல்ல முன் பேட், புது டாட் 4 ஆயில் இந்த மூன்றையும் போட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதுவே போதும். டாட் 4-க்குக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் குடித்த பிறகு 155 டிகிரிதான். அதனால் மூடி திறந்து மாசக்கணக்கில் ஷெல்ஃபில் கிடக்கும் பாட்டிலைத் தொடாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கான், இதோடு கலக்கவே கூடாது.

சரி, டிஸ்க்கும், பேடை அதன்மேல் அழுத்தும் கேலிப்பரும் மாற்றியே தீருவது என்றால். ஜாக்கி போடுவது, வீல் கழற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன், ஸ்டாண்ட் இல்லாமல் மட்டும் அடியில் தலையை விடாதீர்கள். பழைய கேலிப்பரைக் கழற்றி ஹோஸில் தொங்க விடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தைப் பளபளவென்று வரும்வரை வயர் பிரஷ் போட்டுத் தேயுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் துரு கொஞ்ச நாளில் ஸ்டியரிங் நடுக்கமாக வந்து நிற்கும், பழி டிஸ்க் மேல் விழும். கேலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்தான், சாதா கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். ஹோஸ் போல்ட்டுக்குச் செம்பு வாஷர் புதிதாகப் போடுங்கள். பிரேக் பைப் நட்டுக்கு ஃபிளேர் நட் ஸ்பானர் வாங்கிவிடுங்கள், சாதா ஸ்பானர் முனையை மழுங்கடித்த பிறகு அழுது பிரயோஜனம் இல்லை.

அடுத்தது ஏர் எடுப்பது, அதாவது பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியே தள்ளுவது. என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுக்கப் போட்டது இதுதான். அக்கா மகன் டிரைவர் சீட்டில், நான் கீழே. "அழுத்து... பிடிச்சுக்கோ... விடு." ஒரு லிட்டர் ஆயில் தீர்ந்தது, பெடல் பஞ்சு மாதிரியே இருக்கிறது. "மாமா, கால் வலிக்குது"ன்னு அவன் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தான். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறைதான் ஒன்று உறைத்தது: ஆயில் என் சட்டைக் கைக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. பழைய கேலிப்பரில் ஒருநாளும் அப்படி ஒழுகியதில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், காற்றும் ஆயிலும் வெளியேறும் நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இடது கேலிப்பரை வலதில் மாட்டியிருக்கிறேன், வலதை இடதில். போல்ட் இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தும், அதுதான் வினை. காற்று மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், நிப்பிள் கீழே இருந்தால் நாள் பூராவும் ஆயில்தான் வரும். மாட்டும்போதே நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான் விஷயம்.

வேக்குவம் பம்ப் ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். நிப்பிளின் மரை வழியாகவே காற்றை இழுத்துக்கொண்டு குமிழி காட்டிக் குழப்பியது. இரண்டு ஆள், ஒரு டியூப், ஒரு பாட்டில், இதுவே மேல். வீடியோக்களில் வலது பின்சக்கரத்தில் தொடங்கச் சொல்வார்கள், அது பெரும்பாலும் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் ஊர்களுக்கு. நம் வண்டியில் பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம், அதற்குத் தூரத்தில் இருப்பது இடது பின்சக்கரம், அங்கே தொடங்குங்கள். மேனுவலில் வேறு வரிசை இருந்தால் அதன்படி போங்கள்.

புது பேடைப் பழக்க வேண்டும். காலி ரோட்டில் 60-லிருந்து 10 வரை, எட்டுப் பத்து முறை, முழுசாக நிறுத்தாமல். அப்புறம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஆறும்வரை ஓட்டுங்கள். சூட்டோடு பெடலை மிதித்தபடி நிற்கக் கூடாது.

இனி பேலன்ஸ். முன்னாடி மட்டும் பெரிதாக்கினால் முன்சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும் (உருளாமல் நின்றுவிடும்), பின் டிரம் பிரேக் பாதி வேலைகூடச் செய்யாது. அதனால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டுப் டிரம்முக்குள் உரசும் பின் ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் செய்யுங்கள், என் வண்டியில் இரண்டு பக்கமும் தொளதொளவென்று இருந்தது. பிறகு ஈரமான காலி மைதானத்தில் 40-ல் போய் நேராகப் பிரேக் அடியுங்கள், தள்ளி நின்று ஒருவர் சக்கரத்தைப் பார்க்கட்டும். முன்சக்கரம் ஒரு துளி முந்தி நிற்க வேண்டும். பின்சக்கரம் முந்தினால் வண்டி சுற்றிவிடும். முன்சக்கரம் ரொம்பவே முந்தினால் பிடிப்பு ஒரு படி குறைந்த முன் பேடைப் போடுங்கள். நான் அப்படித்தான் சரி செய்தேன்.

பின்னாடியும் டிஸ்க் போடுவது, என் கணக்கில், இவ்வளவு லேசான வண்டிக்கு வேண்டாத வேலை.

பின்னால் சேர்த்தது: பின் லைனுக்கு, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்ட் வால்வு போடலாமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். முன்சக்கர டிரைவ் கார்களில் பெரும்பாலும் பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும், இடது முன்னும் வலது பின்னும் ஒன்று, மற்ற இரண்டும் ஒன்று. ஒன்று கசிந்தாலும் மற்றது நிறுத்தும். இரண்டு பின் லைனையும் ஒரே வால்வில் சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு, ஒரு கசிவில் நாலும் காலி. பெடல் முன்பைவிடக் கொஞ்சம் கீழே போகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். கேலிப்பர் பிஸ்டன் பெரிதானால் அப்படித்தான், அதே மாஸ்டர் சிலிண்டர் கூடுதல் ஆயிலைத் தள்ள வேண்டும். ஆனால் பெடல் நின்ற இடத்தில் கெட்டியாக இருக்க வேண்டும். பஞ்சு மாதிரி இருந்தால் முதலில் நிப்பிளைப் பாருங்கள்.