கர்த்தரிடம் "ஏன்?" என்று கேட்கும்போது நாம் செய்கிற தவறுகள்

என் அண்ணன் இறந்தபோது வயது 43. அடக்க ஆராதனை முடிந்த மூன்றாம் நாள், அண்ணி அவருடைய வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஓர் அட்டை விழுந்தது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் அண்ணன் எடுத்த வாக்குத்தத்த அட்டை, அதாவது வரும் வருஷத்துக்கான வாக்குறுதியாக ஒரு வசனம் எழுதின அட்டை. "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்." சங்கீதம் 91:16. அண்ணி அதை என்னிடம் நீட்டி, "இத நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்கள்.

நான் வாய் திறக்குமுன் பக்கத்திலிருந்த சபைப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." அண்ணி அட்டையை உள்ளே வைத்து மூடினார்கள். அதன்பிறகு பல மாதம் அந்த வேதாகமத்தைத் திறக்கவேயில்லை.

துக்க வீட்டில் நடக்கிற முதல் தவறு இதுதான். கேள்வியை அவிசுவாசம் என்று நினைத்து வாயை அடைப்பது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது வேதாகமத்தில் வரும் யோபு தன் பிள்ளைகளை இழந்த அன்று தானாகச் சொன்ன வார்த்தை. வேறு யாரும் அதை அவன் வாயில் திணிக்கவில்லை. அதே யோபு 3-ம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் குறைவு.

யோபின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான். பிறகு பேச ஆரம்பித்தார்கள். கர்த்தரைப் பற்றி அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். அத்தனை பேச்சிலும் ஒருமுறைகூட அவர்கள் கர்த்தரை நோக்கித் திரும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யோபோ திரும்பத் திரும்ப அவரிடமே போகிறான். "நீர் எதினிமித்தம் என்னோடே வழக்காடுகிறீர், அதை எனக்குத் தெரியப்படுத்தும்" என்கிறான். கடைசியில் கர்த்தர் எலிப்பாசிடம் சொன்னது: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை."

நான் செய்த தவறு நண்பர்களுடையதுதான். அண்ணன் போனபின் போதகரிடம் கேட்டேன், சித்தப்பாவிடம் கேட்டேன், இரவெல்லாம் யூடியூபில் பிரசங்கம் கேட்டேன். ஜெபத்தில் மட்டும் பழக்கப்பட்ட வார்த்தைகள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, எல்லாம் நன்மைக்கே." உள்ளே எரிந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாதா என்ன? கோபத்தைக் கோபமாகவே அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தால் அது ஜெபம். அதையே நாலு பேரிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் முறுமுறுப்பாகிவிடுகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரங்களுக்குள் பேசிக்கொண்டதற்கும், சங்கீதக்காரன் கண்ணீரோடு கேட்டதற்கும் நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான்.

அடுத்தது வசனத்தைப் பிய்த்து எடுப்பது. வாக்குத்தத்த அட்டையை நான் குறை சொல்லவில்லை. என் மேசையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் பிசாசு இயேசுவிடம் எடுத்துக்காட்டியதும் இதே 91-ம் சங்கீதத்தின் இரண்டு வசனங்களைத்தான். எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." திருமண அழைப்பிதழிலிருந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரை இருக்கிற வசனம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதத்தில் இருக்கிறது அது. அதற்கு முந்தின வசனத்தில், ஊர் திரும்ப 70 வருஷம் என்றிருக்கிறது. பாபிலோனில் அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் "இரண்டு வருஷம்" என்று சொல்லியிருந்தான். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். அவன் பொய்த் தீர்க்கதரிசி. எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதினார். அந்த நீண்ட காத்திருப்பை விட்டுவிட்டு 11-ம் வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு, "சொன்னீரே, ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால், அவர் சொல்லாத ஒன்றுக்கு அவரிடம் கணக்குக் கேட்கிறோம்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்கள், லாசரு இறந்தபோது அவன் சகோதரிகளிடம் இயேசு வந்ததைச் சொல்கிற யோவான் 11-ஐ ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." மார்த்தாள் சொன்னதும் இதுதான், மரியாள் சொன்னதும் இதுதான். மார்த்தாளுக்கு இயேசு, "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று விளக்கம் சொன்னார். மரியாளுக்கு விளக்கம் சொல்லவில்லை. கண்ணீர் விட்டார். நாம் மரியாளிடம் போய் மார்த்தாளுக்கான பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"என்ன பாவமோ, என்ன சாபமோ" என்று தோண்டுகிறவர்களுக்கு லூக்கா 13 போதும். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று, சாப்பிடாமல் தூங்காமல் நடுராத்திரியில் விசுவாசத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். வீட்டை விற்கிற முடிவையும் அப்போது எடுக்காதீர்கள். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும். இரண்டு முறை சாப்பிட வைத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று கர்த்தர் கேட்டது அதற்கு 40 நாள் கழித்து. நாள் போகப்போகப் பாரம் கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவல்ல.

பதில் ஒரு தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். யோபு புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்தது என்ன என்று யோபுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. 88-ம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல்தான் முடிகிறது. அதையும் ஆலயப் பாடகர்களான கோராகின் புத்திரர் சபை நடுவே பாடினார்கள். நம் சபைகளில் கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லச் சாட்சி நேரம் இருக்கிறது, இன்னும் சாட்சியாகாத கதைகளைச் சொல்லத்தான் இடமில்லை.

அண்ணி இப்போது மறுபடியும் அந்த வேதாகமத்தைத் திறக்கிறார்கள். அட்டை உள்ளேதான் இருக்கிறது. போன வாரம் 13-ம் சங்கீதத்தைக் காட்டினார்கள். ஆறே வசனம், முதல் இரண்டில் மட்டும் நான்கு "எதுவரைக்கும்". ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் சின்னச் சின்னத் தேதிகள், ஓரம் முழுக்க. "கேக்கிற அன்னைக்கெல்லாம் எழுதி வைக்கிறேன்" என்றார்கள். "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்கிற ஆறாம் வசனத்தின் பக்கத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.